மலிவு என்னும் சொல்லுக்குள் இருக்கும் கணக்கு

விளையாட்டு ரசிகர்களின் விவாதங்களை இலக்கிய வாசகர்களாகிய நாம் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. வெறும் வாய்ச்சண்டை என்று கடந்துபோகிறோம். ஆனால் ஒரு சமூகம் திறமையையும் உழைப்பையும் தோல்வியையும் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறது என்பதை அறிய, அதன் தத்துவ நூல்களைவிட அதன் விளையாட்டரங்கின் பார்வையாளர் வரிசை சில வேளைகளில் கூடுதலாக உதவும். அங்கே யாரும் அவைநாகரிகம் கருதிப் பேசுவதில்லை. மனத்தில் உள்ளது உள்ளபடி வெளியே வந்துவிடுகிறது.

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் கோடை முடியும் தறுவாயில் ஒரே விவாதம், ஆட்களை மட்டும் மாற்றிக்கொண்டு, திரும்பத் திரும்ப நடக்கிறது. பத்தொன்பது வயதில் பெரும் புகழோடு வந்த ஓர் இளைஞன். நான்கைந்து ஆண்டுகளாகியும் எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. பழைய அணி கைகழுவிவிட்டது. வேறோர் அணி அவனை மிகக் குறைந்த சம்பளத்துக்கு எடுத்துக்கொள்கிறது. உடனே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். திறமை எங்கே போய்விடும், விலையும் குறைவு, இழப்பதற்கு என்ன இருக்கிறது என்பது ஒரு கட்சி. ஐந்தாண்டில் திருந்தாதவன் ஆறாம் ஆண்டிலா திருந்தப் போகிறான், அந்த இடத்தை உழைக்கிற ஒருவனுக்குக் கொடுத்திருக்கலாமே என்பது மறு கட்சி.

இவ்விரு கட்சிகளும் எதிரெதிராக நிற்பதுபோல் தோன்றினாலும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டிருக்கின்றன. இரண்டுமே அந்த இளைஞனைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. அவனை எடுத்த அணி அவனுக்கு என்ன வேலை தரப்போகிறது, எத்தனை நிமிடம் தரப்போகிறது, எவ்வளவு காலம் பொறுத்திருக்கப் போகிறது என்ற கேள்விகளை இரண்டுமே எழுப்புவதில்லை. ‘மலிவு’ என்ற சொல் அக்கேள்விகளை எழவொட்டாமல் செய்துவிடுகிறது. விலை குறைந்தால் ஆபத்து குறையும் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். குறைவது அணியின் ஆபத்து மட்டுமே. வீரனின் ஆபத்து அதே அளவுக்குக் கூடுகிறது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

இதைப் பொதுவாகப் பேசுவதைவிட ஓர் உண்மை நிகழ்வை முன்வைத்துப் பேசுவது நல்லது. 2013 செப்டம்பரில் மியாமி ஹீட் அணி மைக்கேல் பீஸ்லியை மீண்டும் எடுத்துக்கொண்டதை எடுத்துக்கொள்வோம்.

பீஸ்லி 1989 ஜனவரியில் பிறந்தவர். 2007-08இல் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக அணிக்காக ஒரே ஒரு பருவம் ஆடினார். ஆட்டத்துக்குச் சராசரியாக 26.2 புள்ளிகள், 12.4 ரீபவுண்டுகள். கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவருக்கு இவை வியக்கத்தக்க எண்கள். 2008ஆம் ஆண்டு டிராஃப்டில், அதாவது இளம் வீரர்களை அணிகள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் ஆண்டுச் சடங்கில், டெரிக் ரோஸ் முதலாவதாகவும் பீஸ்லி இரண்டாவதாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பின்னாளில் லீக்கின் மிகச் சிறந்த வீரராக விருது பெற்ற ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் நான்காவதாகவும், கெவின் லவ் ஐந்தாவதாகவும் வந்தனர். பீஸ்லியை எடுத்த மியாமி அணி அதற்கு முந்தைய பருவத்தில் 82 ஆட்டங்களில் 15ஐ மட்டுமே வென்றிருந்தது. அதை மீட்க வந்தவர் என்ற பட்டம் பத்தொன்பது வயது இளைஞரின் தலையில் வைக்கப்பட்டது.

அவர் மோசமாக ஆடினார் என்று சொல்ல முடியாது. முதல் பருவத்தில் சராசரி 13.9 புள்ளிகள் எடுத்து, முதலாண்டு வீரர்களுக்கான சிறந்த அணியில் இடம்பெற்றார். எனினும் எதிர்பார்ப்பு வேறாக இருந்தது. 2010 ஜூலையில் லெப்ரான் ஜேம்ஸ், கிறிஸ் போஷ் இருவரையும் கொண்டுவர மியாமிக்கு ஊதிய வரம்பில் இடம் தேவைப்பட்டது. பீஸ்லி இரண்டு இரண்டாம்சுற்றுத் தேர்வு உரிமைகளுக்கு ஈடாக மினசோட்டாவுக்கு அனுப்பப்பட்டார். இரண்டாண்டுகளுக்கு முன் நாட்டிலேயே இரண்டாம் இடத்தில் வைக்கப்பட்ட ஒருவருக்கு அது மிகச் சிறிய ஈடு. மியாமிக்கு வேண்டியிருந்தது பீஸ்லிக்கு நிகரான வீரர் அல்லர், காலி இடம்.

மினசோட்டாவில் முதல் பருவம் சராசரி 19.2 புள்ளிகள். அவருடைய வாழ்நாளின் உச்சம் அதுதான். 2012இல் பீனிக்ஸ் சன்ஸ் அணி மூன்றாண்டுகளுக்கு 1.8 கோடி டாலர் ஒப்பந்தம் தந்தது. அங்கே ஆட்டம் சரிந்தது. சராசரி 10.1 புள்ளிகள், வீசிய பந்துகளில் நாற்பது விழுக்காட்டைச் சற்றே தாண்டித்தான் கூடைக்குள் போயின. களத்துக்கு வெளியேயும் அவர் பெயர் விரும்பத்தகாத செய்திகளில் அடிபட்டது. 2013 செப்டம்பர் தொடக்கத்தில் மீதிச் சம்பளத்தின் பெரும்பகுதியைக் கொடுத்துத் தீர்த்து பீனிக்ஸ் அவரை அனுப்பிவிட்டது. அடுத்த சில நாள்களில், அப்போது தொடர்ந்து இரண்டு முறை பட்டம் வென்றிருந்த மியாமி, ஓராண்டுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தில் அவரைத் திரும்ப அழைத்தது. அவ்வொப்பந்தம் உறுதி அளிக்கப்படாதது. பருவம் தொடங்குமுன் அனுப்பிவிட்டால் அணிக்குச் சுமை ஏதுமில்லை.

அப்போது பீஸ்லிக்கு வயது 24. விவாதம் பற்றிக்கொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்?

*

ஆதரித்த ரசிகர்களின் வாதங்கள் வலுவற்றவை அல்ல. அவர் இன்னும் இளைஞர். கையில் உள்ள வீச்சுத்திறன் பொய்யன்று. மியாமியில் ஜேம்ஸ், டுவைன் வேட், ஷேன் பாட்டியே, ரே ஆலன், உடோனிஸ் ஹாஸ்லம் போன்ற மூத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடையே இருந்தால் ஒழுங்கு தானாக வந்துவிடும். பயிற்சியாளர் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவுக்கு 2008 முதலே அவரைத் தெரியும். இவற்றுக்கெல்லாம் மேலாக, செலவு மிகக் குறைவு.

எதிர்த்தவர்களின் வாதங்களும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. ஓர் அணியில் பதினைந்து இடங்கள்தாம் உண்டு. ஹாஸ்லம் டிராஃப்டில் எவராலும் தேர்ந்தெடுக்கப்படாமல், பிரான்சு சென்று ஓராண்டு ஆடிவிட்டு, 2003இல் மியாமிக்கு வந்து, 2023 வரை இருபது பருவங்கள் அந்த ஓர் அணிக்கே ஆடியவர். அத்தகைய இன்னொரு ஹாஸ்லம் எங்கோ சிறிய லீக்கில் வாய்ப்புக்காகக் காத்திருக்கையில், மூன்று அணிகளில் வாய்ப்புப் பெற்றுவிட்ட ஒருவருக்கு நான்காம் வாய்ப்பு எதற்கு? மறுவாய்ப்பு என்பது புகழோடு பிறந்தவர்களின் தனியுரிமையா? இக்கேள்வியில் உள்ள அறச்சீற்றத்தை நான் மதிக்கிறேன்.

ஆயினும் இரு தரப்பாரும் ‘திறமை’ என்பதைப் பாத்திரத்தில் ஊற்றிவைத்த தண்ணீரைப்போல எண்ணுகிறார்கள். இருந்தால் இருக்கும், சிந்தினால் தீர்ந்துவிடும் என்பதுபோல. பீஸ்லியின் கதை அப்படிச் சொல்லவில்லை.

கல்லூரியில் அவர் கூடைக்கு அருகில் நின்று ஆட்சி செய்தவர். என்.பி.ஏ.வில் அந்த இடத்தில் ஆடுவோர் அவரைவிட உயரமும் கனமும் மிக்கவர்கள். வெளிப்புறத்தில் ஆடுவோரோ அவரைவிட வேகமானவர்கள். எதிரணியில் யாரை அவர் தடுப்பது என்ற கேள்விக்கு எந்த அணியிலும் தெளிவான விடை கிடைக்கவில்லை. அவர் பெரிதும் விரும்பிய வீச்சு, மூன்று புள்ளிக் கோட்டுக்குச் சற்று உள்ளே நின்று எறியும் நெடுந்தொலைவு இரண்டு புள்ளி வீச்சு. அதே ஆண்டுகளில் லீக் முழுவதும் வேறொரு கணக்கைக் கற்றுக்கொண்டிருந்தது. நூறு முறை இரண்டு புள்ளிக்கு வீசி நாற்பது விழுந்தால் 80 புள்ளி. நூறு முறை மூன்று புள்ளிக்கு வீசி முப்பத்தைந்தே விழுந்தாலும் 105 புள்ளி. ஓரடி பின்னால் நகர்ந்து நின்றால் போதும். ஆக, பீஸ்லியின் கைத்திறன் குறையாதபோதே அதன் சந்தை மதிப்பு குறைந்துகொண்டிருந்தது. ஒரு மொழிநடை வழக்கொழிந்துபோவதால் அந்நடையில் வல்ல எழுத்தாளன் ‘தேய்ந்துவிட்டான்’ என்று பெயர் வாங்குவதை நாம் பார்த்ததில்லையா?

ஆகவே அவரை எடுக்கும் அணி செய்யவேண்டியது, அவர் ‘திருந்துவாரா’ என்று காத்திருந்து பார்ப்பது மட்டுமன்று. அவரது ஆட்டத்தை மாற்றிக் கட்டுவது. அதற்குக் காலம் வேண்டும். களத்தில் தவறு செய்யும் சுதந்திரம் வேண்டும். மலிவான ஒப்பந்தத்தில் கிடைக்காதவை இவ்விரண்டுமே.

*

ஏன் கிடைப்பதில்லை? இங்குதான் ஊதியக் கணக்குக்குள் சற்றுப் போகவேண்டியிருக்கிறது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

2013-14 பருவத்தில் ஓர் அணியின் ஊதிய வரம்பு சுமார் 5.87 கோடி டாலர். சுமார் 7.17 கோடியைத் தாண்டினால் ஆடம்பர வரி கட்டவேண்டும். மூன்று பெரும் நட்சத்திரங்களை வைத்திருந்த மியாமி அவ்வரி எல்லைக்கு மேலே இருந்தது. 2012 இறுதிப்போட்டியின் ஐந்தாம் ஆட்டத்தில் ஏழு மூன்று புள்ளி வீச்சுகளைப் போட்ட மைக் மில்லரையே, 2013 ஜூலையில், வரிச்சுமை தாங்காமல் சிறப்பு விதியொன்றைப் பயன்படுத்தி விடுவித்துவிட்டது. அந்தக் காலியிடத்தை நிரப்பக் கையில் காசில்லை. மலிவாக யார் கிடைப்பார் என்று தேடிய சூழலில்தான் பீஸ்லி வந்தார்.

ஐந்தாண்டு அனுபவமுள்ள வீரருக்கு அப்பருவத்தின் குறைந்தபட்ச ஊதியம் சுமார் 10.27 லட்சம் டாலர். ஓராண்டு ஒப்பந்தமானால் அதிலும் ஒரு பகுதியை லீக்கே ஈடுசெய்துவிடும். அணியின் கணக்கில் ஏறுவது 9 லட்சத்துக்கும் குறைவு. மூத்த வீரர்களைச் செலவு கருதி ஒதுக்கிவிடக் கூடாதே என்ற நல்ல நோக்கத்தில் அமைந்த விதி இது. விளைவு என்னவென்றால், மொத்த ஊதிய வரம்பில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவான தொகையில் ஓர் இளைஞனின் எதிர்காலத்தை ஓராண்டுக்குக் கையில் வைத்துப் பார்க்கலாம்.

பெருந்தொகை கொடுத்து எடுத்த வீரன் சரியாக ஆடாவிட்டால் நிர்வாகி தலைகுனிய நேரிடும். தன் முடிவு தவறில்லை என்று காட்டவேனும் அவனுக்கு ஆட்ட நேரம் தருவார்கள், தனிப் பயிற்சி தருவார்கள், அவனுக்கு ஏற்ற ஆட்டமுறையையும் வகுப்பார்கள். அவன் தோற்றால் தோற்பது இருவர். மலிவாக வந்தவன் தோற்றால் தோற்பது அவன் ஒருவனே. அவனை ஓரமாக உட்கார வைப்பதற்கு எவரும் எவருக்கும் விளக்கம் சொல்லவேண்டியதில்லை. விலை குறைந்ததால் பொறுமை காட்ட வசதி உண்டு என்பது உண்மைதான். ஆனால் பொறுமை காட்டவேண்டிய கட்டாயமும் அதே விலையோடு சேர்ந்து குறைந்துவிடுகிறது.

மியாமியில் நடந்ததும் இதுவே. பீஸ்லி அப்பருவத்தில் 55 ஆட்டங்கள் ஆடினார். ஆட்டத்துக்கு ஏறத்தாழ 15 நிமிடங்கள், 7.9 புள்ளிகள். வீச்சுகளில் ஏறக்குறைய பாதி கூடைக்குள் விழுந்தன. அதுவரையிலான அவரது வாழ்வில் அவ்வளவு துல்லியமாக அவர் எறிந்ததில்லை. கொடுத்த குறுகிய நேரத்தில் கேட்டதைச் செய்தார் என்றுதான் அந்த எண்கள் சொல்கின்றன. ஆனால் தற்காப்பில் அவர்மீது நம்பிக்கை பிறக்கவில்லை. பிளே-ஆஃப் சுற்றுகள் வந்தபோது முப்பத்து நான்கு வயது ரஷார்ட் லூயிஸ் முன்னுக்கு வந்தார். பீஸ்லி மிகச் சில ஆட்டங்களிலேயே தலைகாட்டினார். 2014 ஜூனில் மியாமி இறுதிப்போட்டியில் சான் அன்டோனியோவிடம் 4-1 என்று தோற்றது. ஜேம்ஸ் கிளீவ்லாந்துக்குத் திரும்பினார். பீஸ்லி சீனாவுக்கு ஆடப்போனார்.

மியாமியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. மூன்றாவது பட்டத்துக்காகப் போராடும் அணிக்கு, தற்காப்பு கற்றுக்கொண்டிருக்கும் ஒருவரைத் தூக்கிச் சுமக்க நேரமில்லை என்பது நியாயமே. அப்படியானால் ‘வெற்றிபெற்ற அணியின் பண்பாடு அவரைத் திருத்திவிடும்’ என்ற ரசிகர்களின் நம்பிக்கைக்கு என்ன பொருள்? வெற்றிபெறும் அணியில்தான் கற்றுக்கொள்ளும் இடம் மிகவும் குறுகியது. 2003இல் இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செர்பிய இளைஞர் டார்கோ மிலிசிச் இதற்குப் பழைய சாட்சி. பட்டம் வெல்லப்போகும் டெட்ராய்ட் அணிக்குப் பதினெட்டு வயதில் போய்ச் சேர்ந்தார். முதல் பருவத்தில் 34 ஆட்டங்களில், ஆட்டத்துக்கு ஐந்து நிமிடத்துக்கும் குறைவாகவே ஆடினார். அவருக்குப் பின் தேர்வான கார்மெலோ ஆந்தனியும் போஷும் வேடும் தத்தம் அணிகளில் நாள்தோறும் ஆடி வளர்ந்தார்கள். மிலிசிச் பட்டத்துக்கான மோதிரத்தோடு உட்கார்ந்திருந்தார். அவரும் மலிவாக வந்தவர் அல்லர் என்று சிலர் மறுக்கலாம். உண்மைதான். உயர்ந்த விலையாலேயே காப்பாற்ற முடியாத இடத்தில், குறைந்த விலை மட்டும் எப்படிக் காப்பாற்றும் என்பதே என் கேள்வி.

*

எதிர் உதாரணங்கள் உண்டா? உண்டு. அவையும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன.

2013 ஜனவரியில் இதே மியாமி, கிறிஸ் ஆண்டர்சன் என்ற உயரமான வீரரைப் பத்து நாள் ஒப்பந்தத்தில் எடுத்தது. இளைஞர் அல்லர், முப்பதைத் தாண்டியவர். முன்பொருமுறை லீக்கிலிருந்து இரண்டாண்டு விலக்கிவைக்கப்பட்டவர். அவர் வந்தபின் மியாமி தொடர்ந்து 27 ஆட்டங்களை வென்றது. அவ்வாண்டுப் பட்டத்தையும் வென்றது. பீஸ்லியை ஆதரித்தவர்களின் நம்பிக்கைக்கு இந்த அனுபவம் முக்கியமான காரணமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஆண்டர்சனிடம் அணி கேட்டவை மூன்று: கூடையருகே நில், எதிரியின் வீச்சைத் தடு, கொடுத்த பந்தைக் கூடைக்குள் அமிழ்த்து. அவர் வாழ்நாள் முழுதும் செய்துவந்த வேலை அது. பீஸ்லியிடம் கேட்டதோ அவர் என்றுமே செய்யாத வேலை. ஒருவருக்குத் தெரிந்ததைக் கேட்பதும், தெரியாததைக் கற்றுத்தந்து கேட்பதும் ஒரே விலையில் நடக்கும் காரியங்கள் அல்ல.

இரண்டாவது உதாரணம் மாலிக் மங்க். 2017இல் பதினொன்றாவதாகச் சார்லட் அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். நான்கு பருவங்கள் மேடும் பள்ளமுமாகக் கழிந்தன. அணி அவரைத் தக்கவைக்க முன்வரவில்லை. 2021இல் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் குறைந்தபட்ச ஊதியத்தில் எடுத்தது. இங்கும் அதே விவாதம், அதே இரு கட்சி. ஆனால் இங்கே சூழல் வேறு மாதிரி அமைந்தது. அவருடைய இடத்தில் ஆடவேண்டிய கெண்ட்ரிக் நன் காயத்தால் பருவம் முழுவதும் ஆடவில்லை. ஜேம்ஸும் ஆந்தனி டேவிஸும் பல ஆட்டங்களைத் தவறவிட்டார்கள். அணி தத்தளித்தது, 33 வெற்றி, 49 தோல்வி. வேறு வழியில்லாமல் மங்குக்கு ஆட்டத்துக்கு 28 நிமிடம் கிடைத்தது. சராசரி 13.8 புள்ளிகள் எடுத்தார். பீஸ்லிக்குக் கிடைத்ததைவிட ஏறக்குறைய இரு மடங்கு நேரம். மங்க் உழைத்தார் என்பதில் ஐயமில்லை. அந்த உழைப்பு கண்ணில் படுவதற்கான களத்தை அவருக்குத் தந்தது அணியின் நல்லெண்ணம் அன்று, அதன் இல்லாமை.

இக்கதையின் முடிவு இன்னும் சுவையானது. ஓராண்டு மலிவு ஒப்பந்தத்தில் வந்த வீரன் நன்றாக ஆடிவிட்டால், அவனுக்கு உரிய சம்பளம் கொடுத்துத் தக்கவைக்க ஊதிய விதிகள் பழைய அணிக்கு இடம் கொடுப்பதில்லை. குறைந்தபட்ச ஊதியத்தைவிடச் சிறிதளவே கூட்டித் தரலாம், அல்லது கையிருப்பில் உள்ள வேறொரு சிறிய விலக்கைச் செலவிடலாம். 2022இல் சாக்ரமென்டோ கிங்ஸ் இரண்டாண்டுக்குச் சுமார் 1.9 கோடி டாலர் கொடுத்து மங்கை அழைத்துக்கொண்டது. 2023 பிளே-ஆஃபில் கோல்டன் ஸ்டேட் அணிக்கெதிரான முதல் ஆட்டத்தில் அவர் 32 புள்ளிகள் எடுத்தார். 2024இல் அதே சாக்ரமென்டோ நான்காண்டுக்கு 7.8 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. லேக்கர்ஸ் விதைத்தது, சாக்ரமென்டோ அறுத்தது. இளைஞன் தோற்றால் அணிக்கு இழப்பில்லை என்று பெருமைப்படும் ரசிகர்கள், அவன் வென்றால் அணிக்கு நிலைத்த ஆதாயமும் இல்லை என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. நாளை நம்மோடு இருக்கமாட்டான் என்று தெரிந்த ஒருவனுக்கு எந்த அணி இன்று மெனக்கெட்டுக் கற்றுக்கொடுக்கும்?

*

இனி, என்னை மிகவும் உறுத்துகிற ஒன்றைச் சொல்லவேண்டும்.

2013 கோடையில் மியாமி எடுத்த மலிவான வீரர்களில் பீஸ்லி மட்டும் இல்லை. 2007இல் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கிரெக் ஓடனையும் எடுத்தது. அவருக்கு அடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கெவின் டுரான்ட். முழங்கால்கள் மாறி மாறிச் சிதைந்து, 2009 டிசம்பருக்குப்பின் ஓர் ஆட்டமும் ஆடாதிருந்தவர் ஓடன். 2014 ஜனவரியில் மீண்டும் களமிறங்கினார். அப்பருவத்தில் 23 ஆட்டங்களே ஆடினார். கணக்கு மட்டும் பார்த்தால் பீஸ்லி தந்ததைவிட மிகக் குறைவு. ஆனால் ஓடனைப் பற்றிப் பேசும்போது ரசிகர்களின் குரல் தாழ்ந்துவிடும். ‘பாவம்’ என்பார்கள். பீஸ்லியைப் பற்றிப் பேசும்போது அதே குரல் ஏளனமாகிவிடும். முழங்கால் உடைந்தால் அது விதி; மனம் தடுமாறினால் அது குணக்கேடு. இந்த வேறுபாட்டை யார் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள்?

பீஸ்லி இருபது வயதில், 2009 ஆகஸ்டில், ஹியூஸ்டனில் ஒரு சிகிச்சை மையத்தில் சேர்ந்தது அப்போதே செய்தியாக வந்தது. பிறகு வந்த ஆண்டுகளின் விவாதங்களில் அது அவருக்கெதிரான சான்றாகவே பெரிதும் எடுத்தாளப்பட்டது. 2018இல் நிலைமை சற்று மாறியது. டீமார் டிரோசன் தன் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அடுத்த சில வாரங்களில் கெவின் லவ், ஓர் ஆட்டத்தின் நடுவே தனக்கு நேர்ந்த பீதித் தாக்குதலைப் பற்றி எழுதினார். பீஸ்லி வந்த அதே டிராஃப்டில் ஐந்தாவதாக வந்த லவ். மினசோட்டாவில் இரண்டாண்டுகள் பீஸ்லியோடு ஒரே அணியில் ஆடிய லவ். நட்சத்திரங்கள் பேசியபின் லீக் செவிசாய்த்தது; 2019-20 பருவம் முதல் அணிகள் உரிமம் பெற்ற மனநல வல்லுநர்களை வைத்திருக்க வேண்டுமென்ற விதி வந்தது. நட்சத்திரமாகியிருந்த ஒருவர் சொன்னபோது துணிவு என்று பாராட்டப்பட்டது. நட்சத்திரமாகாத ஒருவரின் வாழ்வில் பல ஆண்டுகளுக்குமுன் தெரிந்தபோது பலவீனம் என்று எண்ணப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கும் வேறுபாடு புள்ளிப்பட்டியல் மட்டுமே.

‘எதிர்பார்ப்பை நிறைவேற்றாதவர்’ என்ற பட்டத்தையும் இங்கே கொஞ்சம் உரசிப் பார்க்கவேண்டும். பீஸ்லி என்.பி.ஏ.வில் சுமார் 600 ஆட்டங்கள் ஆடி, சராசரி 12 புள்ளிகளுக்கு மேல் எடுத்தவர். முப்பதாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் இதே எண்களுக்கு அவரை வெற்றிக்கதை என்று கொண்டாடியிருப்பார்கள். தவறியது அவர் கணிப்பா, அவரைக் கணித்தவர்களின் கணிப்பா? 2013 டிராஃப்டில் ஆந்தனி பென்னட் முதலாவதாகவும் யானிஸ் அன்டெட்டோகூன்போ பதினைந்தாவதாகவும் எடுக்கப்பட்டனர். யானிஸ் பின்னர் இருமுறை லீக்கின் மிகச் சிறந்த வீரரானார். பென்னட் நான்கு பருவங்களில் நான்கு அணிகள் மாறி லீக்கைவிட்டே போனார். கணித்த நிர்வாகிகளுக்கு அடுத்த ஆண்டும் ஒரு தேர்வு கிடைக்கும். கணிக்கப்பட்டவனுக்கு அந்த எண் வாழ்நாள் முழுவதும் முதுகில் ஒட்டியிருக்கும்.

நம் இலக்கியச் சூழலுக்கும் இப்பழக்கம் அந்நியமன்று. முதல் தொகுப்பு வந்ததும் ‘நம்பிக்கையூட்டும் இளம் படைப்பாளி’ என்று மதிப்புரை எழுதுகிறோம். ஐந்தாண்டு கழித்து ‘ஏமாற்றிவிட்டார்’ என்று அதே கையால் எழுதுகிறோம். நம்பிக்கையை ஊட்டியவர் அவரா, நாமே ஊட்டிக்கொண்டோமா என்று யோசிப்பதில்லை. வகுப்பறையில் இருப்பவன் என்பதால் எனக்கு இன்னொன்றும் தெரியும். முதல் மதிப்பெண்ணோடு வந்து சேரும் மாணவன் இரண்டாம் பருவத்தில் சறுக்கினால் ஆசிரியர் அறையில் அவனைப் பற்றிப் பேசும் குரலில் ஒரு சிறு மனநிறைவுகூடக் கலந்திருக்கும். அவனுக்கு எந்தப் பாடம் புரியவில்லை என்ற கேள்வி கடைசியாகத்தான் வரும், வந்தால்.

ஆகவே அடுத்த கோடையில் இன்னோர் அணி இன்னோர் இளைஞனைக் குறைந்த ஊதியத்தில் எடுக்கும்போது, ரசிகர்கள் அவன் திறமையையும் குணத்தையும் மட்டும் எடைபோட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அணியைப் பார்த்துச் சில கேள்விகள் கேட்கலாம். இவனிடம் நீங்கள் கேட்கப்போகும் வேலை எது? அது அவனுக்குத் தெரிந்ததா, கற்றுக்கொள்ள வேண்டியதா? கற்றுக்கொள்ள வேண்டியதானால் கற்பிப்பவர் யார்? முதல் மூன்று தவறுகளுக்குப் பிறகும் அவன் களத்தில் இருப்பானா? ஓராண்டுக்குமேல் அவனை வைத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறீர்களா? இவற்றுக்கு விடை இருந்தால் அந்த ஒப்பந்தம் நல்ல ஒப்பந்தம். அவன் கடைசியில் தோற்றாலும்கூட. விடை இல்லையென்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது வீண்செலவு. செலவானது அணியின் பணமன்று, அவனுடைய இருபத்து நான்காம் வயது.